அல்லகுறி

லியெபாயாவில் ஜனவரி.
துறைமுகக் காற்று அரங்கின் பின்கதவைக்
கடன்காரனைப் போலத் தட்டிக்கொண்டிருக்க
விளக்குகளுக்குச் சொல்லிவைத்த குறிகளில்
நாற்பத்தேழாவதிலேயே
மூன்றாம் நாளாக நிற்கிறோம்.

காட்சி இவ்வளவுதான்:
மிர்ட்ஸா ஜன்னலிலிருந்து மேசைக்கு வரவேண்டும்.
கையில் கடிதம், இன்னும் பிரிக்காதது.
ஒன்பது தப்படி, எட்டு நொடி.
ஆறாம் கம்பியில் தொங்கும் விளக்கு
தலையைத் திருப்பி அவளோடு வரவேண்டும்.
மேசையில் அவள் படித்து முடித்ததும்
மஞ்சள் நீலமாக வேண்டும்.

நான் இரண்டையும் ஒரே குறியில் பதிந்திருந்தேன்.
நடையும் நிறமும் ஒரே முடிச்சில்,
ஒரே பொத்தானில்.
நீங்கள் சோம்பல் என்பீர்கள்,
நான் சிக்கனம் என்பேன்.

பாதி வழியிலேயே அவள் நீலமாகிவிட்டாள்.
"உறையைப் பிரிக்கவே இல்லை,
அதற்குள் இவள் விதவையா?"
இருட்டு இருக்கைகளுக்குள்ளிருந்து காட்டிஸ் கத்தினான்.
அதிலும் ஒரு கூத்து:
விளக்கின் வயிற்றில் சுழலும் வண்ணச் சக்கரத்துக்குக்
குறுக்குவழி தெரியாது.
மஞ்சளிலிருந்து நீலத்துக்குப் போக
பச்சையைக் கடந்துதான் ஆகவேண்டும்.
இரண்டு நொடி, மிர்ட்ஸாவின் நெற்றியில்
பசலை மாதிரி ஒன்று படர்ந்து போனது.
ஏணி உச்சியிலிருந்து ஊகிஸ் சிரித்தான்:
"படகில் வாந்தி எடுக்கப் போகிறவள் போலிருக்கிறாள்."

எல்லோரும் போனபின்
முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன்.
திரையில் இரண்டு பட்டியல்கள்.
இடப்பக்கம் அசைவு: எங்கே பார்ப்பது, எவ்வளவு மெல்ல.
வலப்பக்கம் நிறம்: என்னவாக ஆவது.
அசைவில் நிறம் ஒரு துளியும் ஒட்டாமல்
அலசிக்கொண்டே வந்தேன்,
கீரையில் மண் பார்ப்பதுபோல்.
நிறப் பட்டியலுக்கு இடம் தெரியாது;
விளக்கு கூரையைப் பார்த்தாலும்
காலணியைப் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான்.
பச்சையைத் தாண்ட ஒரு தந்திரம்:
கண்ணிமைக்கும் நேரம் ஒளியை மூடி
இருட்டுக்குள் சக்கரத்தைச் சுழற்றித் திறப்பது.
விளக்கும் உடை மாற்றும்போது
கதவைச் சாத்திக்கொள்ளட்டுமே.

இடது கைக்கு ஒன்று. வலது கைக்கு ஒன்று.
விடிய மூன்று மணிக்கு, யாருமில்லாத மேடையில்,
யாருமில்லாத ஒருத்தியை
பிசகில்லாமல் மேசைவரை கொண்டுபோய்விட்டேன்.

முதல் காட்சியன்று அரங்கு நிறைந்திருந்தது.
ஈரக் கோட்டுகளின் வாடை.
நாற்பத்தேழு: இடது விரலை அழுத்தினேன்.
விளக்கு புறப்பட்டது, அவளும் புறப்பட்டாள்.
நான்காம் தப்படியில்
நின்றுவிட்டாள்.

ஒளி அவள் தோளை விட்டு நழுவி
தரைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கடந்து
சொன்ன எட்டு நொடியில் சொன்ன மேசைக்குப் போய்
காலி நாற்காலியின்மேல் உட்கார்ந்தது,
விருந்துக்கு முதலில் வந்துவிட்டவன்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
உட்கார்ந்திருப்பதுபோல்.

காதுக்குள் ரூடீடெயின் குரல்:
"நிறம். நிறம், இப்போது."
என் வலது விரல் பொத்தானின் மேல்.
அதன் குழிவு சில்லென்றிருந்தது.
ஒரே முடிச்சாக விட்டிருந்தால்
இந்நேரம் அந்த நாற்காலி நீலமாகி
ஆளில்லாத இடத்தில் துக்கம் காத்துக்கொண்டிருக்கும்.

நான் அழுத்தவில்லை.

இருட்டில் உறை கிழியும் ஓசை.
அங்கேயே நின்று படித்தாள்.
வெளிச்சமில்லாமல் எப்படி என்று கேட்காதீர்கள்,
அது எப்போதுமே வெற்றுத்தாள்தான்.
பிறகு மிச்ச ஐந்து தப்படிகளை நடந்துவந்து
தனக்காகக் காத்திருந்த மஞ்சளுக்குள் கால்வைத்தாள்.
முகம் ஏற்கெனவே மாறியிருந்தது.
அதன்மேல் பூச என்னிடம் எந்த நிறமும் இல்லை.

திரை விழுந்ததும் காட்டிஸ் ஓடிவந்தான்:
"அப்படியே பதிந்துவை, நாளைக்கும் அதே வேண்டும்."
மிர்ட்ஸா முகப்பூச்சைத் துடைத்தபடி சொன்னாள்:
"செருப்பு வார் அறுந்துவிட்டது. வேறொன்றுமில்லை."

பட்டியலைத் திறந்தேன்.
நாற்பத்தேழுக்கு எதிரே
"காத்திரு" என்று தட்டினேன்.
எத்தனை நொடி என்று கேட்டது மென்பொருள்.
காலியாக விட்டேன்.
தானாகவே ஒரு பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டது.