பதினோராவது பாட்டு

கதவு ஏழரைக்குத் திறக்கும்.
முதலில் வரும் பையன்கள் எட்டேகால்.
டின் ஹெரன்ஸ் மேடையேறுவது ஒன்பது பத்து.
பத்து ஐம்பதுக்கு விளக்கைப் போட்டுவிடுவார்கள்,
பதினொன்று பன்னிரண்டுக்குப் பெய்ஸ்லிக்குக் கடைசி ரயில்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தேன்.
கிளாஸ்கோ மழையில்
ஒன்பது மட்டும் கரைந்து பூஜ்யமாகிவிட்டது.

எல்ஸ்பெத்துக்கு இது பிடிக்காது.
பரிசுப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப்
பிரிக்கிறவள் நீ என்பாள்.
முதல் சுரம் விழுந்ததும்
எந்தப் பாட்டென்று இருட்டில் துழாவுகிற
அந்த மூன்று நொடிக்குத்தான்
இருபத்தெட்டு பவுண்டு கொடுக்கிறாளாம்.

நான் விசாரித்துவிட்டுத்தான் வருவேன்.
லீட்ஸில் என்ன பாடினார்கள், நியூகாசிலில் என்ன,
டப்ளினில் கடைசியாக ஒன்று கூடுதலாகக் கிடைத்ததா.
மூன்று ஊரிலும் ஒரே வரிசை.
எட்டாவது, புது ஆல்பத்தின் நீளப் பாட்டு:
கழிவறைக்குப் போய்வர ஏற்றது.
பதினான்காவதில் காகிதத் துணுக்குகள் கொட்டும்,
கோப்பையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும்.
பதினோராவதுக்கு
நான் படிக்கட்டில் இருப்பேன்.

இதை எல்ஸ்பெத்திடம் சொல்லவில்லை.
ஒரு பாட்டைத் தவறவிடக் கூடாதென்று
நேரம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.
நான் ஒரு பாட்டைத் தவறவிடுவதற்காகப் பார்த்தேன்.
பத்து மூன்றுக்கு வெளியே போய்
புகைப்பவர்களோடு நான்கரை நிமிடம்,
எதிர்ச்சாரி சிப்ஸ் கடையின் வினிகர் வாசத்தில்
பேருந்துகளை எண்ணிவிட்டுத் திரும்பலாம்.
நல்ல திட்டம்.

முதல் பாட்டு சரி.
இரண்டாவதும் சரி, நான் பியர் வாங்கப் போனேன்.
திரும்பி வரும்போது தந்தி அறுந்தது.
நடுவில் நிற்கும் அந்த உயரமான பெண்
கிதாரைத் தோளிலிருந்து கழற்றிக்கொண்டே
வேறொன்று வரும்வரைக்கும் இது, என்று
கீபோர்டுக்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இரண்டு கையிலும் இரண்டு கோப்பை.
முன்னால் முதுகுகள், பின்னால் முழங்கைகள்.
காதைப் பொத்த
ஒரு விரல்கூட மிச்சமில்லை.

எனக்கு மூன்று நொடி தேவைப்படவில்லை.

டூகல் இதைத் தப்பாகப் பாடுவான்.
கடைசிப் படகும் கரைசேரும் என்ற இடத்தில்
கடைசிப் பசுவும் கரைசேரும் என்பான்.
பதினொரு வருடம் திருத்தினேன்,
பல் தேய்க்கும்போது, வண்டி ஓட்டும்போது,
அவன் அம்மாவின் முன்னால்கூட.
வழக்கறிஞர் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு
அவரவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோதும்
மூக்குக்குள் முனகினான்,
பசு என்றே.
அன்று நான் திருத்தவில்லை.

வரி வந்தது.
ஆயிரத்து இருநூறு பேர் படகு என்றார்கள்.
என் வாய் பசு என்றது, உரக்க.
பக்கத்தில் நின்ற சுருட்டைமுடிப் பையன்
திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
அடுத்த சுற்றில் அவனும் பசு என்றான்.
அவனுக்கு அது இன்னும் பொருத்தமாக இருந்ததுபோல,
தலையை ஆட்டி ஆட்டிப் பாடினான்.

பத்து மூன்றுக்கு
அவர்கள் எந்த ஊரிலும் பாடாத ஏதோ ஒன்றை எடுத்தார்கள்.
எனக்குப் பெயர் தெரியவில்லை.
எல்ஸ்பெத் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.
நான் படிக்கட்டுக்குப் போகவில்லை,
கழிவறைக்கும்தான்; அது வேறு அவஸ்தை.

ஓடித்தான் ரயிலைப் பிடித்தோம்.
காலுறையெல்லாம் பியர்,
எல்ஸ்பெத்தின் தலையில் ஒரு வெள்ளிக் காகிதம்.
அபர்தீனிலிருந்து அவள் மைத்துனன் லாக்லன் கேட்டிருந்தான்:
நாளை எங்கள் முறை,
எத்தனை மணிக்கு ஏறுகிறார்கள், என்ன வரிசை?

ஒன்பது பத்து, என்று எழுதினேன்.
மறுபடி அவனே:
சரி, வரிசை?
ஜன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு நிலையம்
பெயர் படிக்குமுன் போய்விட்டது.

தந்தி அறுந்துவிட்டது, என்று அனுப்பினேன்.