ஏழாம் பிரிவு

சட்டப்படி ஒவ்வொரு சொல்லையும்
உரக்க வாசித்தாக வேண்டும் அவர்.
ஹூசும் துறைமுகத்துக்கு எதிரே, இரண்டாம் மாடி,
ஜன்னலில் சாய்மழை.

நோட்டரி ப்ரோடர்சனுக்கு ஜலதோஷம்.
'மணமுறிவு ஏற்படும் பட்சத்தில்' வரும்போதெல்லாம்
தும்முகிறார்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து
மறுபடி எங்களைப் பிரிக்கிறார்.

படகுப் பட்டறை எனக்கு.
எட்டு ஹெக்டேர் புல்வெளியும் செம்மறிகளும் ஹார்முக்கு.
இனிப் பிறக்கும் குட்டிகள்?
'பெருக்கமும் உட்பட' என்கிறார், தலை தூக்காமல்.
வாயும் வயிறும் வேறுதான்,
ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு: கடன்கள்.
முப்பத்தோராயிரம் யூரோ.
தம்பியின் மீன் உணவகத்துக்குப் போட்ட ஜாமீன்.
நாலு வருடம் ஒரே போர்வைக்குள் கிடந்தும்
அவன் சொல்லாத எண்
யாரோ ஒருவரின் அடைத்த மூக்கு வழியாக
என் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஹார்ம் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
காது மடல் சிவந்திருந்தது.
இதற்காகவா
குளிர்காலம் முழுக்க
ஒரு பக்கமாகவே மென்றாய்?

'அது அவருடைய தனிக்கடன்,
உங்களைத் தொடாது.
புரிகிறதா, திருமதி தோடே?'
புரிகிறது என்றேன்.
சட்டத்துக்கு அது போதும்.
மேலே வாசித்தார்.

கையெழுத்திட்டு இறங்கும்போது,
மூன்றாவது படியில் சொன்னேன்:
திங்கட்கிழமை ஒன்பதரைக்குப் பல் டாக்டர்.
பணம் என் கையிலிருந்து.

'ஆனால் ஏழாம் பிரிவு...'
வாயை மூடு என்றேன்.

ஒரே குடைதான் கொண்டுவந்திருந்தோம்.
அவன் அதை என் பக்கமே சாய்த்துப் பிடித்தான்,
நான் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு நடந்தேன்
வண்டி வரைக்கும்.