முப்பத்தாறு புள்ளி எட்டு

வார்டோவில் டிசம்பர்.
பத்து மணிக்கும் ஜன்னலில் இருட்டு.
கணக்கு வகுப்பிலிருந்து
வயிற்றைப் பிடித்தபடி ஐரில் வருகிறாள்.

முப்பத்தாறு புள்ளி எட்டு.
காய்ச்சல் இல்லை.
"இன்னொரு தடவை வையுங்களேன்."
வைக்கிறேன்.

மாத்திரை தர எனக்கு அனுமதி இல்லை.
அம்மா மீன் ஆலையில், அப்பா படகில்;
போன் போட்டால் அடித்துக்கொண்டே இருக்கும்.
என்னிடம் இருப்பது ஐஸ் பை, பிளாஸ்டர்,
காகிதம் விரித்த ஒரு கட்டில்.
புரண்டால் சரசரக்கும்.

பத்து நிமிடமாகச் சத்தமே இல்லை.
தூங்கிவிட்டாள்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம்
விரற்கடை அகலம்தான்.
'வயிற்றுவலி' என்று எழுதுகிறேன்,
போன செவ்வாயின் வயிற்றுவலிக்குக் கீழே.

மணி அடிக்கிறது. எழுப்பவில்லை.
வாசலில் மூக்கில் ரத்தத்தோடு
கூரையைப் பார்த்தபடி ஒருவன்.
குனி, தலையைக் குனி என்று
கையை மட்டும் ஆட்டுகிறேன்.