ஏழு வயது வியர்வை

நீச்சல் குளத்துச் சவுனாவில்
மற்ற சிறுமிகள் மேல்பலகையில்
வழுக்கி வழுக்கிச் சிரித்துக்கொண்டிருக்க,
பிஹ்லா மட்டும் துண்டை அவிழ்க்கவில்லை.
சூடாக இருக்கிறதே, எடுத்துவிடு என்றேன்.
எடுக்கவில்லை.

அதற்கு முன்பே சட்டைகள் சொல்லியிருந்தன.
கக்கத்து மடிப்பில்
என் அண்ணன் மரம் வெட்டிவிட்டு வரும் வாசனை.
மூன்று முறை முகர்ந்தேன்,
பள்ளியில் யாருடையதோ மாறி வந்துவிட்டதென்று.

சவொன்லின்னாவிலிருந்து குவோப்பியோ இரண்டு மணி நேரம்.
வெறும் வயிறாக வரச் சொல்லியிருந்தார்கள்.
பின்னிருக்கையில் அவள்
பிர்ச் மரங்களை எண்ணி எண்ணிப்
பசியை ஏமாற்றிக்கொண்டு வந்தாள்.
நானூறுக்குப் பிறகு எண் தெரியவில்லை,
மறுபடி ஒன்றிலிருந்து.

மருத்துவர் இரண்டு சிறுநீரகம் வரைந்தார்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குல்லாய்.
அட்ரினல்.
வேளைக்கு முன்னால் விழித்துக்கொண்டிருக்கிறது.
பூப்பு அல்ல இது, பயப்படாதீர்கள்.
பிஹ்லா பென்சிலை வாங்கிக்
குல்லாய்களுக்குக் குஞ்சம் வைத்தாள்.

பிறந்தபோது எடை?
இரண்டு கிலோ நூறு.
அவர் குறித்துக்கொண்டார்.
ஏன் குறித்தாரென்று
நான் இன்னும் கேட்கவில்லை.

சர்க்கரைத் தண்ணீர் ஒரு குவளை,
அரை மணிக்கொரு ஊசி.
இன்சுலின் கொஞ்சம் மேலே.
நல்ல கொழுப்பு கொஞ்சம் கீழே.
ரத்த அழுத்தப் பட்டையை இரண்டு தடவை கட்டினார்கள்,
முதல் தடவை அவள் சிரித்துவிட்டதால்.

நோயா? இல்லை.
பின்னாளில் சர்க்கரை வருமா? இதயத்துக்கு ஏதாவது?
"எஹ்கா" என்றார்.
ஒருவேளை.
நாளை பனி பெய்யுமா என்பதற்கு
எங்கள் ஊரில் சொல்கிற அதே சொல்.

கழுத்தில் குளிர்ந்த பசை.
திரையில் ரத்தக்குழாய்:
இரண்டு வெளிறிய கரை, நடுவே கறுப்பு ஓடை.
கரையின் தடிமனை
முடியிழைக் கணக்கில் அளந்தாள் ஒருத்தி.
"இது நானா?"
"நீதான்."
"ஓடுதே."
"ஓடணும்."

திரும்பும் வழியில், வார்கவுஸ் பெட்ரோல் பங்கில்,
ஏலக்காய் பன் ஒன்று வாங்கினேன்.
இத்தனை வருடத்தில் முதல் தடவையாக
அதைப் பிய்த்துப் பாதியாக்கினேன்.
அவள் பன்னைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தாள்.
துண்டை இறுக்கிப் பிடித்தபோது பார்த்த
அதே பார்வை.

மற்ற பாதியையும் நீட்டினேன்.
"உனக்கு?" என்றாள்.
பெல்ட் போடு என்றேன்.