வட்டத்துக்குள் சதுரம்

சொட்டு மருந்துக் குப்பியின் லேபிளில்
ஊதா நிறத்தில் ஒரு வட்டம்.
அதற்குள் சின்னதாய் ஒரு சதுரம்.
சதுரம் வெளுப்பாய் இருக்கும்வரை கொடுக்கலாம்.
வட்டத்தின் நிறம் அதற்கும் வந்துவிட்டால்
கொட்டிவிட வேண்டும்.
பட்ட வெயிலை அது மறப்பதில்லை.
மறுபடி குளிரில் வைத்தாலும் வெளுக்காது.

அஞ்செட்டியில் சித்திரை.
தொட்டல்லா ஆற்று மணலில்
யானை தோண்டிய குழியில்தான் தண்ணீர்,
அதுவும் யானைக்கு.
ஒரு போர்வெல்லுக்காக இரண்டு தெரு மோதி
டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது.
யார் கொளுத்தியது என்பதை
இரண்டு தெருவும் என்னிடம் வந்து சொன்னது.
தையல் போட்டபடி கேட்டுக்கொண்டேன்.
நோவு என்றார்கள் கன்னடத்தில்,
நொப்பி என்றார்கள் தெலுங்கில்.
இருளர் என்ன சொல்வார்கள் என்று
ஆறு வருடமாகியும் எனக்குத் தெரியாது.

நூல் தீர்ந்தது.
இன்டென்ட் போட்டு நாற்பது நாள்.
எங்கோ சண்டை நடக்கும் கடலைச் சுற்றிக்கொண்டு
கப்பல் வருகிறதாம், ஸ்டோர்கீப்பர் சொன்னார்.
கடலை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
நர்சிங் சேர்ந்த வருடம், மெரினாவில்.
இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை.

கரண்ட் இல்லாத மூன்றாம் நாள்
குளிர்ப்பெட்டியின் மூடியை யாரையும் தொடவிடவில்லை.
திறந்து பார்ப்பதும் வெப்பம்தான்.
மீன்கடை அன்வர் பாட்சா ஐஸ் கொடுத்தார்.
ஜிலேபிக் கெண்டையின் செதில் ஒட்டியிருந்தது.
காசு வேண்டாம், பேத்திக்கு மட்டும்
மெல்லக் குத்துங்க சிஸ்டர் என்றார்.
ஐஸ் நேராகப் பட்டால் ஊசி மருந்து உறைந்து சாகும்.
படாவிட்டால் சொட்டு மருந்து சூட்டில் சாகும்.
நடுவில் பழைய பேப்பரை மடித்து வைத்தேன்.

அந்தப் பேப்பரில் ஒரு படம்.
கூரையில்லாத ஆஸ்பத்திரி, எந்த நாடென்று
எழுத்து ஈரத்தில் ஊறிவிட்டது.
நிற்கிற ஒரு சுவரில்
குழந்தையை எடைபோடும் தராசு தொங்கியது,
நம்முடையது மாதிரியே, அதே நீலம்.
அங்கேயும் யாரோ ஒருத்தி
குப்பியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்திருப்பாள்.
ஜன்னல் இருந்தவரை.

புதன்கிழமை ஊசி நாள்.
இரண்டு தெருவிலிருந்தும் ஆளில்லை.
ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரம், போலீஸ் வேன்.
பதினோரு மணிக்குக் காட்டுவழியாக வந்தாள் கெம்பம்மா,
மலைமேலிருந்து, பன்னிரண்டு கிலோமீட்டர்.
குழந்தையின் தலையில் நனைத்துப் போட்ட துணி
வரும் வழியிலேயே காய்ந்து விறைத்திருந்தது.

ஊசி போட்டாயிற்று.
சொட்டு மருந்தைத் தூக்கிப் பார்த்தேன்.
சதுரம் வட்டத்தை நெருங்கியிருந்தது.
நெருங்கியதா, தொட்டே விட்டதா?
அறைக்குள் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம்.
போடலாம் சிஸ்டர் என்றார் ருத்ரப்பா.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வேண்டாம் என்றார்.

கொட்டினேன்.
குழந்தை வாயைத் திறந்தபடியே இருந்தது.
அடுத்த புதன் வா என்றேன்.
"மழ வந்தா ஆறு உடாது.
வரலைன்னா ஆனை உடாது.
நீயே வா."
துணியை மறுபடி நனைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதிவேட்டில் எழுதினேன்:
சொட்டு மருந்து, வீணானது, இருபது டோஸ்.
காரணம் என்ற கட்டத்தில்
இரண்டு விரல் அகலம்தான் இடம்.
வெப்பம் என்று எழுதினேன்.
அதற்குக் கீழே, தேதி போடாமல்,
அவள் ஊர்ப் பெயரை.