பின்பக்கம் வெற்றாக

கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
ஜெராக்ஸ் கடை எனக்கு.
கரண்ட் போய் வந்த ஒரு மதியம்
செல்போனை நீட்டினாள் ஒச்சம்மா.
செல்லம்பட்டிப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்.
"நாப்பத்தெட்டு நாள்ல ஹெச்.ஐ.வி. போயிருமாம்.
பன்னண்டாயிரம் கேக்குறான்.
நெசமான்னு பாரு."

தேடினேன்.
முதல் பக்கத்தில் பொடி டப்பா, வாங்க ஒரு பொத்தான்.
அடுத்ததில் தேதியே இல்லை.
அப்புறம் வெள்ளைக் கோட்டு டாக்டர்;
அதே முகம் போன வாரம்
முடி வளரும் தைலம் விற்றது.

ஏழாவதோ எட்டாவதோ,
படமே இல்லாத பக்கம்.
எழுதியவர்கள் பெயர், வேலை செய்யும் இடம், வருடம்,
எத்தனை பேரை, எத்தனை மாதம்.
மாத்திரையை விடாமல் தின்றால் கிருமி ஒடுங்கும்,
ஒழியாது.
சோதனையில் தென்படாத அளவுக்கு ஒடுங்கி
அப்படியே இருந்தால்
உறவில் அடுத்தவருக்குத் தொற்றாது.
கடைசியில், பொடி எழுத்தில்,
'இந்த ஆய்வின் குறைகள்' என்று ஒரு பத்தி.
தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னேன்.

"அவுக குறைய அவுகளே சொல்றாகளா?"
"ஆமாக்கா."
"பொடிக்காரன் ஒண்ணுமே சொல்லலியே."
மடியில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்து
இன்னும் உள்ளே தள்ளினாள்.

"அதையே அடி.
பின்னால ஒண்ணும் அடிக்காத.
ராத்திரி ஒம்பது மணி மாத்திரைக்கு
தெனம் ஒரு கோடு போடணும்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
தாள் சூடாக வந்தது.
ரெண்டு ரூபாய்.