முன் பிரேக்

லிங்கன் நகரத்தில் சொல்லிக்கொள்ள ஒரு மேடு இல்லை.
வந்த புதிதில் சிரித்தேன்:
ஓபனில் எங்கள் தெருவை ஏறி முடிக்கவே
இருக்கிற கியரெல்லாம் போதாது,
இங்கே ஒன்றே மிச்சம்.
மார்ச்சில் காற்று வந்தது
கான்சாஸ் பக்கமிருந்து,
வழியில் முட்டிக்கொள்ள ஒரு குன்றுமில்லாமல்.
நடக்கிறவர் என்னை முந்திப் போனார்.
அன்றைக்குப் புரிந்தது
நெப்ராஸ்கா தன் மலைகளைப்
படுக்கப் போட்டு வைத்திருக்கிறதென்று.

மழையில் ஓட்டினால் பிக்கப் டிரக் நிற்கும்,
கண்ணாடி இறங்கும்:
"காருக்கு என்ன ஆச்சு?"
ஒன்றும் ஆகவில்லை, வீட்டில் நிற்கிறது என்பேன்.
அப்போதுதான் நிஜமாகவே கவலைப்படுவார்கள்.
"அயர்லாந்தா?"
இல்லை.
"அதானே, அந்தப் பேச்சு."
எந்தப் பேச்சென்று சொல்லாமலே போய்விடுவார்கள்.

ரெனாட்டாவுக்கு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில்
இரவு வேலை.
காலை ஏழரைக்கு அவள் வாசலுக்கு வரும்போது
நான் கிளம்பியிருப்பேன், பின்னிருக்கையில் லாக்லன்,
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
மற்றதை அவள் தன் கோட்டுப் பையிலிருந்து எடுப்பாள்.
எப்படி அங்கே போனதென்று கேட்க நேரமிருக்காது.
எங்கள் தாம்பத்தியத்தில் பாதி
அந்த வாசலில் நடந்தது.

என் சைக்கிள் பச்சை, இரும்பு,
பதினான்கு வருடம் முன்னால் அட்டைப்பெட்டியில்
என்னோடு விமானம் ஏறியது.
அதில் வலது கை முன் பிரேக்.
இந்த நாட்டில் இடது கை.
வீட்டில் மற்ற மூன்று சைக்கிளும் இந்த நாட்டவை.
வசந்தம்தோறும் கடைக்கார வெண்டல் கேட்பார்:
"மாத்திடட்டுமா? கால்மணி வேலை."
இருக்கட்டும் என்பேன்.
பாஸ்போர்ட் மாறியது.
போனில் பேசுகிறவருக்குப் புரியவேண்டுமே என்று
சில சொற்களை நானே மடித்து உள்ளே வைத்தேன்.
கைப்பிடியை மட்டும் தொடவிடவில்லை.

அக்டோபர், சனிக்கிழமை.
மோரக்கின் சக்கரத்தில் காற்றில்லை, நீச்சலுக்கு நேரமாயிற்று,
பதின்மூன்று வயது, கேட்காமல் என்னுடையதை எடுத்துப் போனாள்.
மூலையில் ஓர் அணில்.
பதறாமல், பழகியபடி,
வலது கையை அழுத்தினாள்.

மோவாயில் மூன்று தையல்.
கையுறையைக் கழற்றாமலே
மாடியிலிருந்து இறங்கி வந்தாள் ரெனாட்டா,
அன்று பார்த்து இரட்டை ஷிப்ட்.
மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஒரே வீட்டுக்கு ரெண்டு சட்டமா?"
மோரக் அழவில்லை.
தையல் இழுக்க இழுக்கச் சொன்னாள்:
"உங்க சைக்கிள் பொய் சொல்லுச்சுப்பா."

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது
என்று ஞாயிறு வகுப்பில் மனப்பாடம் செய்தவன் நான்.
தர்மத்துக்குச் சொன்னது,
பிரேக்குக்கு அல்ல.

அன்றிரவு கராஜில் கேபிளை வெட்டினேன்.
லாக்லன் டார்ச் பிடித்தான்,
பெரும்பாலும் கூரைக்கு.
வெண்டலின் கால்மணி எனக்கு மூன்று மணி.
பிரிந்த கம்பி நுனி கட்டைவிரலில் ஏறியது.
பழைய கேபிளைச் சுருட்டி
ஆணிகள் போட்ட டப்பாவில் வைத்தேன்,
எதற்கென்று தெரியாது.

இப்போது வீட்டில் நான்கு சைக்கிளும் ஒரே பேச்சு.
என் கைதான் இன்னும் மாறவில்லை.
நிறுத்தப் பலகை வரும், வலது கை முந்திக்கொள்ளும்,
பின்சக்கரம் மட்டும் தேய்ந்து தேய்ந்து
நிற்க நினைத்த இடத்துக்கு
ஒரு முழம் தள்ளி நிற்கிறேன்.
காத்திருக்கும் கார்க்காரர் கையசைத்து
போ போ என்கிறார்.
இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள்.

ஜூலையில் ஓபன் போகிறோம்.
வாடகைக்கு நான்கு சைக்கிள் சொல்லிவைத்தாயிற்று என்று
தம்பி எழுதியிருக்கிறான்,
மழையும் சொல்லிவைத்திருக்கிறானாம்.
இரவுச் சாப்பாட்டில் மோரக் கேட்டாள்,
மோவாய்த் தழும்பில் தக்காளிச் சாறு:
"அங்க எந்தக் கைப்பா?"

நான் வாய் திறக்குமுன்
மேசைமேல் என் இரண்டு கையும்
மெல்ல மடங்கின.